குடையின் நிழல் பதினான்கு அங்குலம்

காஜா பேராங், மலாக்கா
2-7-1958

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலியைப் பற்றி அடுத்த கடிதத்தில் விரிவாகக் கேட்கிறேன். இப்போது நேரமில்லை, நேராகக் காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் சர்வே ஆபீசில் தற்காலிக டிராப்ட்ஸ்மன் ஆறு பேர் இருக்கிறோம். இரண்டு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். மற்ற நால்வருக்குச் செப்டம்பரோடு சீட்டு கிழியும். என் வரைபடத்தில் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் நான் இந்நாட்டுக் குடிமகன் என்ற தாள் ஆகஸ்டு 31-க்குள் பெரியவர் மேசையில் இருக்க வேண்டுமாம். மலாக்காவில் பிறந்தவனுக்குக் குடியுரிமை தானாக வந்துவிடும். வெளியே பிறந்தவன் மனு போட வேண்டும். மனுவுக்கு விடை வர ஏழெட்டு மாதம் ஆகிறது. நான் ஏன் மனு போட வேண்டும்? நான் பிறந்த வீட்டுக்கூரை இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது.

பதிவு ஆபீசில் ஏட்டைப் புரட்டிக் காட்டினார்கள். 9-6-1932, ஆண் குழந்தை, பெயர் கலியாணசுந்தரம், தகப்பன் அப்பாசாமி, தாய் சிவகாமசுந்தரி, காஜா பேராங். எல்லாம் சரி. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார்: "இந்த அப்பாசாமிதான் உன் அப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? மலாக்காவில் எத்தனை அப்பாசாமி?" நம்மிடம் இருந்த பிறப்புத்தாள் ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்தது. அப்பாவும் இல்லை. நீங்களும் இங்கே இல்லை.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படம் ஒன்றுதான் மிச்சம். பழைய கோட்டை வாசல் முன்னால் அப்பா குடையை ஊன்றி நிற்கிறார், பக்கத்தில் நீங்கள், அப்பாவின் விரலைப் பிடித்தபடி நான். பின்பக்கம் "மலாக்கா கோட்டை வாசல், மகனுடன்" என்று அப்பா எழுதியிருக்கிறார், தேதி போடவில்லை. அந்தப் படம் எந்த வருஷம், எந்த மாதம் எடுத்தது? உடனே எழுதுங்கள். நான் சொல்லும் உடனே என்பது உண்மையிலேயே உடனே.

மகன்
கலியாணசுந்தரம்

---

வெளிப்பாளையம், நாகப்பட்டினம்
11-7-1958

சிரஞ்சீவி கலியாணசுந்தரத்துக்கு அம்மா மனம் நிறைந்த ஆசியுடன் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. தந்தி மாதிரி எழுதுகிறாய். சாப்பிட்டாயா, இருமல் நின்றதா, ஒன்றும் இல்லை. உன் மாமா சுப்பையன் படித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, மருமகன் கடுதாசியா, கோர்ட்டு நோட்டீசா?" என்று சிரிக்கிறான். அவன் வீட்டு ஓட்டைப் பிரித்து மாற்றுகிறோம். தூசியில் எனக்கு மூச்சு முட்டுகிறது, மற்றபடி சுகம்.

படத்தைப் பற்றிக் கேட்டாய். வெயில் காலம் என்று ஞாபகம். நம் ஊரில் எல்லாக் காலமும் வெயில் காலந்தானே. உன் அப்பா நகரசபையில் புல் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி, அந்த வாசலைச் சுற்றியும் அவர்தான் சுத்தம் பண்ண வைப்பார். அதனால் அங்கே நின்று எடுத்தோம். தேதி எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

தம்பி, மனு போட்டால் என்ன குறைந்துபோகும்? எத்தனை பேர் போடுகிறார்கள். எட்டு மாதம் என்ன பெரிய காலம்? அந்தப் பழைய படத்தை ஆபீஸ் ஆபீசாகத் தூக்கிக்கொண்டு அலையாதே. மழுங்கிப் போகும். பத்திரமாக ஒரு அட்டையில் வைத்து எனக்கு அனுப்பிவிடு. நான் வைத்துக்கொள்கிறேன்.

எண்ணெய் தேய்த்துக் குளி.

அம்மா
சிவகாமசுந்தரி

---

காஜா பேராங்
21-7-1958

அன்புள்ள அம்மாவுக்கு,

படத்தை அனுப்ப முடியாது. இருக்கிற ஒரே சாட்சி அது.

தேதி உங்களுக்கு ஞாபகம் இல்லை என்றால் போகிறது, படத்துக்கு ஞாபகம் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்பா ஊன்றியிருக்கும் குடையின் நிழல் தரையில் தெளிவாக விழுந்திருக்கிறது. நிழலின் திசையும் நீளமும் தெரிந்தால் சூரியன் எங்கே நின்றது என்று சொல்லலாம். சூரியன் நின்ற இடம் தெரிந்தால் மாதம் தெரியும். பஞ்சாங்கக்காரர் வேலை இல்லை இது, பள்ளிக்கூடக் கணக்கு.

நேற்று ஞாயிறு. ஆபீசில் கேட்டு டேப்பும் காம்பசும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் பண்டார் ஹிலிருக்குப் போனேன். நீங்கள் பார்த்த மாதிரியேதான் இருக்கிறது வாசல். இரண்டு பக்கமும் சுவர் கிடையாது, வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. சுற்றிக்கொண்டு போக இவ்வளவு இடம் இருக்க, வருகிறவன் எல்லாம் அந்த வளைவுக்குள் நுழைந்துதான் குன்றுக்குப் போகிறான். எனக்கு இது புரிந்ததே இல்லை. மேலே 1670 என்று வெட்டியிருக்கும் கல்லில் பாசி. கற்கள் செம்பாறை, தேன்கூடு மாதிரி துளை விழுந்து இருக்கின்றன. படத்தில் உங்கள் பின்னால் தெரியும் கற்களைத் தேடி ஒவ்வொன்றாக அளந்தேன். கல்லின் உயரம் தெரிந்தால் குடையின் உயரம், உங்கள் உயரம், என் உயரம் எல்லாம் கிடைத்துவிடும்.

பாடாங் திடல் ஓரம் கச்சான் கடலை விற்கும் நம் ஆள் ஒருவர் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏங்க, கோட்டைய விக்கப் போறாங்களா?"

"ஆமா, நீங்க வாங்கிக்கிறீங்களா?"

"வேணாங்க. செவரு இல்லாத வீட்டுக்குக் கதவு மட்டும் வாங்கி என்னா பண்றது?"

அங்கிருந்து முகைதீன் பாய் கடைக்குப் போனேன். என்னைக் குழந்தையில் பார்த்தவர்கள் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். பூங்காவனம் அத்தை போட்டுவிட்டார்கள். அவர்கள் 1938-ல்தான் மலாக்கா வந்தார்களாம், அதிகாரி அடித்துவிட்டார். முகைதீன் பாய் முப்பதிலிருந்தே இங்கே கடை வைத்திருக்கிறார். படத்தைக் காட்டினேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அட, அந்தப் பய. கல்கண்டு குடுத்தாத்தான் கடைய விட்டு நகருவான். கண்ணுக்குள்ளயே நிக்கிறான் தம்பி."

"அந்தப் பயதான் பாய் இப்ப கையெழுத்துக்கு வந்து நிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு துணியை எடுத்துத் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"கையெழுத்துக்கு என்னா, போட்டாப் போச்சு. ஒங்க அம்மாவுக்கு ஒரு வார்த்த எழுதிக் கேளுங்க. அவங்க போடுன்னு சொன்னா நான் போடுறேன்."

"இதுல அம்மாகிட்ட கேக்க என்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. கேட்டுட்டு வாங்க."

தாளைக் கண்டால் வயதானவர்களுக்கு வரும் நடுக்கம் இது. போடச் சொல்லி நீங்கள் இரண்டு வரி எழுதுங்கள்.

மகன்
கலியாணசுந்தரம்

---

வெளிப்பாளையம்
29-7-1958

சிரஞ்சீவி கலியாணசுந்தரத்துக்கு ஆசிகள்.

முகைதீன் பாய் நல்ல மனிதர். அவரை வற்புறுத்தாதே. அவர் தயங்கினால் விட்டுவிடு.

நீ ஞாயிற்றுக்கிழமையும் வெயிலில் நின்று கல்லை அளந்ததைப் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பாவும் இப்படித்தான். எடுத்த காரியத்தைப் பாதியில் விடமாட்டார். சில காரியத்தைப் பாதியில் விடுவது தப்பில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த வேலை போனால் போகட்டும். மெட்ராசில் உன் படிப்புக்கு வேலை கிடைக்காதா? சுப்பையனுக்குத் தெரிந்தவர் மராமத்து இலாகாவில் இருக்கிறார். இங்கே வந்துவிடு. இல்லை, அங்கேதான் இருப்பேன் என்றால் மனுவைப் போடு. வெளியே பிறந்தவர்கள் போடுகிற அதே மனுவைப் போடு. மலாய்ப் பரீட்சைகூட இந்த ஆகஸ்டு வரை கிடையாதாமே, சுப்பையன் பேப்பரில் படித்தான்.

ஒன்று மட்டும் எழுது. அந்த ஆபீசில் சத்தியம் கித்தியம் எதுவும் செய்யச் சொல்வார்களா?

அம்மா

---

காஜா பேராங்
12-8-1958

அன்புள்ள அம்மாவுக்கு,

முடிந்தது. நிரூபித்துவிட்டேன்.

கேளுங்கள். குடை முப்பத்தாறு அங்குலம். நிழல் பதினான்கு அங்குலம். நிழல் நேர் தெற்கே விழுந்திருக்கிறது. அப்படியென்றால் படம் எடுத்தது உச்சிப்பொழுது, சூரியன் நமக்கு வடக்கே. மலாக்காவில் உச்சியில் தெற்கே இவ்வளவு நீளம் நிழல் விழுவது ஜூன் மூன்றாம் வாரத்தில்தான், முன்னே பின்னே பத்து நாள். வருஷத்தில் வேறு எந்த மாதத்திலும் விழாது. நின்றிருக்கும் குழந்தை இருபத்தொன்பது அங்குலம். ஒரு வயசுக் குழந்தையின் உயரம் அது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரிடம் எழுதியே வாங்கிவிட்டேன். ஜூன் 1932-ல் ஏட்டில் பதிந்த குழந்தைக்கு ஜூன் 1933-ல் ஒரு வயசு. ஏட்டில் இருக்கும் குழந்தையும் படத்தில் இருக்கும் குழந்தையும் ஒன்று. படத்தில் இருப்பவர் என் அப்பா, நகரசபைச் சம்பளச் சீட்டில் ஒட்டிய அதே முகம். வேறு எந்த அப்பாசாமிக்கும் இதில் இடமில்லை.

பெரிய தாளில் வரைபடம் போட்டுக் கொண்டுபோனேன். அதிகாரி இரண்டு தடவை பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இத்தனை வருஷத்தில் சூரியனைச் சாட்சிக்குக் கூட்டி வந்தவன் நீ ஒருத்தன்தான்" என்றார். முகைதீன் பாய் கையெழுத்துகூட இனித் தேவையில்லையாம். ஆகஸ்டு 30, சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சத்தியப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். அன்றே தாள் கையில்.

சத்தியம் உண்டா என்று கேட்டீர்களே, உண்டு. "அந்தக் குழந்தை நானே" என்று. எனக்குச் சாமியில் நம்பிக்கை குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் மனசுக்குள் அப்பாவை நினைத்துச் செய்வேன், அவர் ஆத்மா சாட்சி என்று. அதைவிடப் பெரிது என்னிடம் இல்லை.

மெட்ராசுக்கு வா என்கிறீர்கள். அங்கே எனக்கு என்ன இருக்கிறது? குழந்தையில் ஊருக்குப் போய் ஐந்து வயதில் கப்பலில் திரும்பி வந்தேன் என்பீர்கள், அந்தக் கப்பல்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அப்பா இறந்து மூன்றாம் வருஷம் என்னைத் தனியே விட்டுவிட்டு நாகப்பட்டினம் போய் உட்கார்ந்தீர்கள். நான் காரணம் கேட்டேன். "மனசு அங்கே இருக்கிறது" என்றீர்கள். அந்த ஊரில் என்னைவிடப் பெரிதாக உங்களுக்கு என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோபத்தில் எழுதவில்லை. தெரியாது என்பதால் தெரியாது என்கிறேன்.

மகன்
கலியாணசுந்தரம்

---

தந்தி
நாகப்பட்டினம், 21-8-1958

சத்தியம் செய்யாதே. கடிதம் வருகிறது. அம்மா.

---

வெளிப்பாளையம்
21-8-1958

என் கண்ணே,

தந்தி ஆபீசிலிருந்து நேராக வந்து எழுதுகிறேன். இது முப்பதாம் தேதிக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

உன் கணக்கு சரி. ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு ஜூன் மாதம்தான். உன் அப்பாவுக்கு வேலை போன வாரம். ஆள் குறைப்பு நடந்து எல்லாரையும் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த வருஷம். மலாக்காவுக்கு வந்துபோனதற்கு அடையாளமாக ஒரு படம் இருக்கட்டும் என்று எடுத்தோம். கலியாணசுந்தரத்துக்கு முதல் பிறந்தநாள் முடிந்து நாலு நாள். கால் ஊன்றி நிற்கப் பழகியிருந்தான்.

அவன் நீ இல்லை.

ஆவணியில் நாகப்பட்டினத்தில் இறங்கினோம். கார்த்திகையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றே நாள். கடற்கரைப் பக்கம் புதைத்தோம். யாரும் கேட்கவில்லை, எங்கும் எழுதவில்லை. பவ வருஷம் தைப்பூசத்தன்று, இதே வீட்டில், நீ பிறந்தாய். இங்கிலீஷில் முப்பத்தைந்தாம் வருஷம்.

உனக்கு இரண்டரை வயசாகும்போது உன் அப்பாவுக்கு மறுபடி மலாக்காவில் வேலை சொன்னார்கள். பினாங்கில் இறக்கும்போது ஆளை ஆளை நிறுத்திக் கேள்வி. மலாயாவில் பிறந்த பிள்ளை என்றால் கேள்வி இல்லை என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். உன் அப்பா பெட்டியைத் திறந்து அவன் பிறப்புத்தாளை எடுத்து நீட்டினார். பிள்ளை பெயர் என்ன என்று கேட்டார்கள். நான் கலியாணசுந்தரம் என்றேன். அவன் போன பிறகு அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். நீ உடனே திரும்பிப் பார்த்தாய். ஏன் திரும்பினாய் என்று தெரியவில்லை, சத்தம் கேட்டுத் திரும்பியிருப்பாய். எனக்கு அது போதுமாக இருந்தது. வெளியே வந்ததும் பழைய பெயரைச் சொல்லலாம் என்றார் உன் அப்பா. நான் சொல்லவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை.

உனக்கு மூன்று வயசைக் கூட்டிவைத்தேன். நாலு வயசில் ஏழு வயசுப் பிள்ளைகளோடு பள்ளியில் போட்டேன். குள்ளன் என்று அடிக்கிறார்கள் என்று அழுதுகொண்டு வருவாய். பிள்ளைக்கு உடம்பு தேறவில்லை என்று ஊருக்குச் சொன்னேன். கப்பல் உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

முகைதீன் பாய் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தவர். இருபது வருஷம் ஒரு வார்த்தை பேசாதவர்.

இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாயே. அவன் இருக்கிறான். உனக்குக் கையும் காலும் படிப்பும் இருக்கிறது. அவனுக்கு என்னைவிட்டால் அப்படி ஒருவன் இருந்தான் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

இந்த வருஷமாவது சொல்லியிருக்க வேண்டும். மனு போடு, மனு போடு என்று எழுதினேனே தவிர, அவன் இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. செத்த பிள்ளையின் பெயரில், செத்த தகப்பன் சாட்சியாக நீ சத்தியம் செய்தால் என்னிடம் மிச்சம் இருப்பதும் போய்விடும். வேண்டாம் தம்பி.

அம்மா

---

காஜா பேராங்
22-8-1958

அம்மாவுக்கு,

தந்தி ஆபீசுக்கே வந்தது. தந்தி என்றதும் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். உங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நான் சட்டென்று எழுந்ததில் வரைந்துகொண்டிருந்த தாளில் மை கொட்டி இரண்டு நாள் வேலை பாழ். பிரித்துப் பார்த்தால் சத்தியம் செய்யாதே.

யாரிடம் ஜோசியம் கேட்டீர்கள்? என்ன தோஷம்? ஆறு வாரமாக ஒவ்வொரு மத்தியானமும் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுகிறேன். நாலு பேர் வீட்டுக்குப் போகப் போகிறார்கள், அதில் ஒருவனாக என்னைப் போகச் சொல்கிறீர்கள், காரணம் மட்டும் சொல்ல மாட்டீர்கள். நான் ஜூன் 9-ல் காஜா பேராங்கில் பிறந்தவன். என்னிடம் இருக்கும் உறுதியான விஷயம் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள்.

முப்பதாம் தேதி பத்து மணிக்குச் செய்வேன்.

கலியாணசுந்தரம்

---

காஜா பேராங்
30-8-1958, சனி

அம்மா,

உங்கள் கடிதம் நேற்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிடைத்தது. ஒரு நாள் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இனி எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

படித்ததும் கோபம்தான் வந்தது. இப்போதும் இருக்கிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பினேன், கோட்டை வாசலில் போய் நின்றிருந்தேன். டேப் கொண்டு போகவில்லை. எந்தக் கல் அருகே அவன் நின்றான் என்று எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அந்த இடத்தில் நின்று பார்த்தேன். அவன் தலை என் இடுப்பு வரைகூட எட்டாது. ஆறு வாரமாக அவனை என் உயரம், என் உயரம் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்று காலை போனேன். வரிசை படிக்கட்டு வரை. நாளை ஞாயிறு, அதனால் பரீட்சை இல்லாத மனுவுக்கு இன்றோடு கடைசி. பத்திரம் தயாராக, என் பெயரை டைப் அடித்து, அதிகாரி மேசையில் இருந்தது.

"கையெழுத்துப் போடு. பேனா இருக்கிறதா?"

"துவான், இந்தக் குழந்தை நான் இல்லை."

அவர் சிரித்தார். "உன் நிழல் கணக்கு என்ன ஆச்சு?"

"கணக்கு சரி. ஆள் வேறு."

சொன்னேன், எல்லாவற்றையும். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். அவர் அவர்களை அதட்டிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். இவ்வளவு நாளில் அங்கே நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பத்திரத்தை என் முன்னாலேயே நாலாகக் கிழித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொல்லியிருந்தால் போலீசுக்கு அனுப்பியிருப்பேன் என்றார். பிறகு மற்ற மனுவை எடுத்துக் கொடுத்தார்.

பிறந்த இடம், நாகப்பட்டினம் என்று எழுதினேன். பிறந்த தேதி எழுதத் தெரியவில்லை. பவ வருஷம் தைப்பூசம் என்றீர்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய நிழலை அளந்தவனுக்குத் தைப்பூசம் எந்தத் தேதி என்று கணக்குப் போடத் தெரியவில்லை. 1935 என்று மட்டும் எழுதினேன். ஏற்றுக்கொண்டார். விடை வர எட்டு மாதம். திங்கட்கிழமை சர்வே ஆபீசில் பெரியவரிடம் சொல்ல வேண்டும். நிரந்தர வேலை இல்லை, அது முடிந்த விஷயம். செப்டம்பருக்குப் பிறகு என்ன செய்வேன் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மெட்ராசுக்கு வா என்று எழுதாதீர்கள்.

எழுந்திருக்கும்போது இன்னொன்று கேட்டேன். அந்த ஏட்டில் 9-6-1932-க்கு நேராக, அவன் இறந்துவிட்டான் என்று எழுத என்ன தாள் வேண்டும் என்று. அதிகாரி ஏட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். வேறு நாட்டில் நடந்த சாவை இங்கே எழுத முடியாது, அங்கே பதிவு இருந்தால் கொண்டு வா என்றார். அங்கே பதிவு இல்லை. நீங்கள்தான் எங்கும் எழுதவில்லையே.

ஆகவே அவன் இந்த ஊர் ஏட்டில் இருக்கிறான். வயது இருபத்தாறு. மலாக்காவில் பிறந்தவன், மனுப் போட வேண்டியதில்லை, சத்தியம் செய்ய வேண்டியதில்லை, யாரும் அவனை நீக்க முடியாது. அவன் இந்த நாட்டுக் குடிமகன். நான் மனுதாரர்.

படத்தை அட்டையில் வைத்துத் தனியே அனுப்புகிறேன். அது உங்களுக்கும் அவனுக்கும் உரியது.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும், வேறு நலம், செய்தி எதுவும் வேண்டாம். பினாங்கில் இறங்குவதற்கு முன், அந்த இரண்டரை வருஷம், என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் இளைய மகன்